மூன்றாவது ராடு பேரிங்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இருபத்திரண்டு வருடமாக என்ஜின் பிரித்துச் சேர்க்கிறேன். கை தப்பு செய்யாது, வாய்தான் அவ்வப்போது செய்யும் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன். போன வருடம் கையும் தப்பு செய்தது, வாயும் செய்தது. எது பெரிய தப்பு என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். ஆனால் யாரும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், அரிசி ஆலை ஒன்றுக்குப் பக்கத்தில் என் ஷெட். வீடு பிள்ளையார்பாளையத்தில். என் மனைவி வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறாள். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டிராவல்ஸ் கார்கள். சென்னையிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, கடை வாசலில் கிடந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற வண்டிகள். எல்லாமே டர்போ வைத்த டீசல் என்ஜின்கள்.

டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற விசிறி. காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், பிஸ்டனைக் கீழே தள்ளுகிற அடியும் கூடும். அந்த அடி முழுவதும் கடைசியில் போய் விழுகிற இடம் ராடு பேரிங். பிஸ்டனையும், கீழே சுற்றுகிற கிராங்கையும் இணைக்கிற ராடு என்கிற தண்டு இருக்கிறதல்லவா, அது கிராங்கைக் கட்டிப் பிடிக்கிற இடத்தில் வளையலை இரண்டாக உடைத்து வைத்தது போல இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். அவ்வளவுதான் பேரிங். தகடும் கிராங்கும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் முடியைவிட மெல்லியதாக ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் இருக்கிறவரை அந்தத் தகடு லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும். ஆயில் ஒரு நிமிடம் நின்றால் நீலம் பாரித்து உருகிவிடும்.

ஆயில் ஏன் நிற்கிறது என்று கேட்டால் என்னால் அரை நாள் திட்ட முடியும். குச்சியை எடுத்து ஆயில் அளவு பார்க்கிற டிரைவரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். உள்ளே கூட்டம் இருநூறு புடவை பிரித்துப் பார்க்கும்வரை, வெளியே ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். அப்படிச் சும்மா ஓடும்போது சரியாக எரியாத டீசல் ஆயிலில் இறங்கி, ஆயில் தண்ணீராகிவிடும். அப்புறம் காந்தி ரோட்டு நெரிசலில் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு நாலாவதிலேயே உருட்டுவார்கள். மெதுவாகச் சுற்றுகிற என்ஜினின் தலையில் டர்போ முழு அடியையும் இறக்கும். ஆயில் பிதுங்கி வெளியே ஓடிவிடும், தகடு தேயும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து டக் டக்கென்று சுத்தியல் சத்தம், டிரைவர் உடனே ஓரம் கட்டி அணைத்திருக்கிறார். சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், ராடு பேரிங். வண்டியைப் பார்த்ததும் நம்பரை இன்னொரு தடவை படித்தேன். ஏனென்றால் அந்த என்ஜினை ஏழு மாதம் முன்புதான், மார்கழியில், நானே முழுதாகப் பிரித்துப் புதுப் பேரிங் போட்டுக் கொடுத்திருந்தேன்.

டிரைவர் திருப்பருத்திக்குன்றத்துக்காரர். சமணக் குடும்பம், என்னைவிட ஆறேழு வயது பெரியவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளிடம்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை, அவர் மட்டும் விடாமல் கடைப்பிடித்தார். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். ஓனர் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் நெல், இவர் காலத்தில் நெல்லோடு மூன்று கார்கள், கொஞ்சம் கட்சி வேலை.

டிரைவர் ஓனரிடம் போனில் பேசிக்கொண்டு வாசலில் நின்றார். நான் வண்டியின் அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினேன். நாலு ராடுகளின் அடி மூடியையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். மூன்றாவது பேரிங் உருகி, இடம் பெயர்ந்து, கறுத்துப் போயிருந்தது. மற்ற மூன்றும் நேற்றுப் போட்டது போல மின்னின.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர் தப்பு என்றால் நாலு தகடும் தேய்ந்திருக்க வேண்டும். ஆயில் கெட்டிருந்தாலும் நாலிலும் தெரியும். கிராங்குக்குள் ஒவ்வொரு பேரிங்குக்கும் தனித்தனியாக ஒரு துளை வழியாகத்தான் ஆயில் போகிறது. ஒன்று மட்டும் செத்து மூன்று பிழைத்திருந்தால் அந்த ஒரு வழியில்தான் கோளாறு. வழி அடைத்திருக்க வேண்டும், இல்லை சேர்த்தவன் ஏதோ சரியாகச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். சேர்த்தவன் நான்.

நல்ல தகடுகள் ஆறையும் ஒரு டப்பாவில் போட்டேன். டப்பாவை மேஜைக்கு அடியில் தள்ளினேன். ஏன் தள்ளினாய் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. பயந்தவனின் கால் தானாகச் செய்கிற வேலை அது.

ஓனர் வந்தார். அன்று ஷெட்டில் வேறு வண்டிகளுக்காகக் காத்திருந்த மூன்று டிரைவர்களும் இருந்தார்கள். உருகின தகடு என் உள்ளங்கையில் இருந்தது.

"இன்னாபா, மார்கழிலதானே பிரிச்சி மாட்டின? அதுக்குள்ள ஏன் போச்சி?" என்றார் ஓனர்.

தெரியவில்லை, முழுதாகப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே வார்த்தை. எனக்கு வரவில்லை.

"என் வேலையில தப்பு இல்லைங்க. ஓட்டறதுல இருக்குது. அண்ணன் பொழுதோட சாப்பிடணும்னு ஹைவேல மிதிச்சிக்கினு வர்றாரு. வந்த சூட்டோட சாவியத் திருப்பிட்டு எறங்கிடறாரு. இது டர்போ வண்டி. ஆயிலு உள்ளயே காஞ்சி போவும். பேரிங்கு எப்படித் தாங்கும்?"

சூடான டர்போவைச் சட்டென்று அணைத்தால் கெடுவது டர்போவுக்குள்ளேயே இருக்கிற வேறு பேரிங். கிராங்கில் இருக்கிற இந்தத் தகட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது எனக்குத் தெரியும், ஓனருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் இரண்டு பேரிங்கையும் ஒன்றாக்கிச் சொன்னேன். பொய்யை விஷயம் தெரிந்தவன் சொன்னால் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மூன்று டிரைவர்களில் ஒருவர், "பொழுது சாஞ்சா அண்ணனுக்கு றெக்கை மொளச்சிடும்" என்றார். சிரிப்பு எழுந்தது.

டிரைவர் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நான் எங்கபா வேகமா வர்றேன்? டிபன் பாக்ஸ்ல சோறு எடுத்துக்கினுதானே போறேன். நேரமாயிட்டா பார்ட்டிகிட்ட சொல்லிட்டு ஓரமா நிறுத்தி சாப்பிட்டுட்டு வருவேன். நிறுத்தினாலும் ரெண்டு நிமிஷம் ஓட விட்டுத்தான் ஆஃப் பண்ணுவேன். நீதானே சொல்லிக் குடுத்த?"

நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் அப்படித்தான் செய்வார் என்பதை என் ஷெட் வாசலிலேயே பலமுறை பார்த்தும் இருக்கிறேன்.

"என்ஜின் பொய் சொல்லாதுண்ணா" என்று கத்தினேன். "மனுஷன்தான் சொல்லுவான்."

இதை எழுதும்போது காது சுடுகிறது. அன்று நன்றாகப் பேசியதாகவே நினைத்தேன். ஓனர் வேறொன்றும் கேட்கவில்லை. டிரைவரிடம் கையை நீட்டினார். அவர் கொடுப்பதற்குள், விரலில் மாட்டியிருந்த சாவி வளையத்தை ஓனரே உருவிக்கொண்டார். டிரைவர் பின் சீட்டில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துபோனார்.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டிக்குப் புதுச் சாமான் வாங்க வேண்டாம், போகட்டும் என்றார் ஓனர். அந்த மாதம் கல்யாணப் பார்ட்டிகளும் வருவதில்லை, அவருக்கு அவசரம் இல்லை. வெள்ளைக் கார் என் ஷெட்டின் பின்பக்கம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. நடுவில் இரண்டு டிராவல்ஸ்காரர்கள் என்னிடமே விசாரித்தார்கள், அந்த ஆள் எப்படி, வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. நான் உதட்டைப் பிதுக்கினேன். பேசக்கூட இல்லை. அந்த ஒன்றில் மட்டும் வாயின் மேல் பழி போட முடியாது.

ஆவணி முதல் வாரத்தில் ஓனர் ஆரம்பிக்கச் சொன்னார். என்ஜினை இறக்கி, கிராங்கைத் தனியாக எடுத்தேன். லேத்துக்கு அனுப்புவதற்கு முன் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டுப் பார்ப்பது வழக்கம். மூன்று துளைகளில் ஒழுகியது. மூன்றாவது பேரிங்குக்குப் போகிற துளையில் நின்றுவிட்டது. மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். முதலில் கறுப்புச் சேறு வந்தது. அதன் பின்னால் திரி போல ஒன்று வந்தது. பெட்ரோலில் அலசினேன். அலச அலசக் கறுப்பு கரைந்து, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு நூல் கற்றை என் விரலில் சுற்றிக்கொண்டது.

மார்கழியில் நடந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து பேரிங் வர நாலு நாள் தாமதம். பக்கத்து அரிசி ஆலை ஓடும்போது உமித் தூசி ஷெட்டுக்குள் படியும். கிராங்கின் துளைகளில் தூசி இறங்காமல் இருக்க நான் எப்போதும் நூலைத் திரித்து அடைத்து வைப்பேன். வேறு ஊர் மெக்கானிக்குகள் பஞ்சு நூல் கழிவை விலைக்கு வாங்குகிறார்கள். எனக்கு வீட்டிலேயே பட்டு நூல் கிடைக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூலோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும்போது வெட்டி விழுகிற நூலை என் மனைவி ஒரு பையில் சேர்த்துவைப்பாள். பட்டு துடைப்பதற்கும் நல்லது, தும்பு ஒட்டாது. காஞ்சிபுரத்து மெக்கானிக்குக்குப் பட்டில் கை துடைக்கிற யோகம் என்று பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

பேரிங் வந்த அன்று அடைப்புகளை உருவினேன். மூன்றாவதில் திரி பாதியில் அறுந்து, மீதி உள்ளே நின்றிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. பஞ்சாக இருந்தால் ஆயிலில் ஊறிப் பிய்ந்து போயிருக்கும். பட்டு பிய்யாது. ஏழு மாதம் ஆயில் அதைச் சுற்றிக் கசிந்து கசிந்து போய்க்கொண்டிருந்தது. டீசல் கரி கொஞ்சம் கொஞ்சமாக அந்த நூலில் படிந்து, கடைசியில் வழி மூடிக்கொண்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் புத்தி வேறு வழி தேடியது. இது என் ஷெட் நூல்தானா, நடுவில் வேறு யாராவது கை வைத்திருக்கலாமே என்று. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினேன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மார்கழில போட்ட அரக்குப் பாவு. அதுக்கப்புறம் பச்சை வந்துச்சு, இப்ப மாம்பழ கலரு. ஏது இது?"

சொன்னேன். அவள் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தாள். "பொழுதோட சாப்பிடறதுக்கு வண்டிய விரட்டினாருன்னு சொன்னியே, அந்த ஆளா?"

"ஆமா."

"நூலு நான் குடுத்தது. அதுல எனக்கும் பங்கு இருக்குது, ஒத்துக்கறேன். பேசினது முழுசா நீ." நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவரு இப்ப இன்னா செய்றாரு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் ஓனரிடம் நூலைக் காட்டிச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலைச் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று நான் சொன்னதும் சமாதானமானார். "வேணும்னா அவர வரச் சொல்லு, வண்டிய எடுத்துக்கட்டும்" என்றார். அன்று ஷெட்டில் இருந்த மூன்று டிரைவர்களையும் கார் ஸ்டாண்டில் தேடிப் பிடித்துச் சொன்னேன். றெக்கை என்று கிண்டல் செய்தவர் தன் வண்டியை அடுத்த வாரம் வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நியாயம்தான். விசாரித்த டிராவல்ஸ்காரர்கள் இரண்டு பேருக்கும் போன் செய்தேன். போனில் சொல்வது சுலபமாக இருந்தது. டிரைவரிடம் மட்டும் போனில் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். அவர் வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சேர் எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே நூலைக் காட்டி, மார்கழியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, ஓனரிடமும் ஸ்டாண்டிலும் சொல்லிவிட்டேன், வண்டியைத் திரும்ப உங்களுக்கே கொடுக்கிறேன் என்கிறார் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைகள், அதனால் தடங்கல் இல்லாமல் வந்தன.

அவர் நூலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திண்ணை மேல் வைத்தார்.

"நான் அங்க வரலைபா. விரல்லேருந்து சாவிய உருவினாரு இல்ல, அத்தோட போச்சி. இப்ப ஒரு கம்பெனி பஸ்ஸு ஓட்டறேன். சாயங்கால டிரிப்பு. டிராவல்ஸ்ல யாரும் எடுத்துக்கல, இதான் கெடச்சிது."

"எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்கண்ணா?"

"எட்டரை ஆவும்."

நான் கேட்க வந்ததை அவரே சொன்னார். "கம்பெனி பஸ்ஸ நடுவுல நிறுத்தி சாப்பிட முடியாது. மொதல்ல மூணு மணிக்கே சாப்பிட்டுட்டுப் போய்ப் பாத்தேன். எனக்கு சுகர் இருக்குது. ஒரு நாளு ஸ்டியரிங்குலயே கை நடுங்கிச்சி, பஸ்ஸு நெறைய ஆளுங்க. டாக்டர் திட்டினாரு. இப்ப வந்துதான் சாப்பிடறேன், லைட்டு போட்டுக்கினு." அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். "அம்பது வருஷத்துல இல்லாத பழக்கம். மொத நாளு சோறு எறங்கவே இல்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன், திரும்பப் போகலாம் என்று வண்டிச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கணும்பா" என்றார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். "மத்த மூணு பேரிங்கு எப்படி இருந்துச்சி?"

"புதுசாட்டம் இருந்துச்சிண்ணா."

"அத எப்ப பாத்த? இப்பப் பிரிக்கும்போதா, இல்ல அன்னிக்கேவா?"

இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஓனருக்கு இது கேட்கத் தெரியாது. மனைவி கேட்கவில்லை. நூலைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் ஊரெல்லாம் சொல்லி முடித்து, யோக்கியன் ஆகிவிட்டதாகத்தான் அங்கே போய் நின்றேன்.

"அன்னிக்கே பாத்தேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டி இறுக்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, சோறு போட்டாச்சு, நேரம் ஆகிறது என்று குரல் கொடுத்தார். வெயில் இன்னும் எதிர்வீட்டுச் சுவரில் இருந்தது.

"ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான்பா பொழுதோட சாப்பிட முடியுது" என்றார். "நான் போறேன்."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். உட்கார் என்றோ போய் வா என்றோ சொல்லவில்லை. நான் நூலை எடுத்துக்கொள்ளலாமா, அங்கேயே விட்டுவிடலாமா என்று தெரியாமல், வெயில் போகும்வரை அந்தச் சேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.